எண்ணெய் எங்கே போகிறது: ஹேங்கர் குறிப்புகள்

செஸ்னா 152. மூக்கில் லைகமிங் ஓ-235, நாலு சிலிண்டர், 110 குதிரைத்திறன். ஸ்னாக் புத்தகத்தில் பயிற்சி மாணவர் எழுதியிருப்பது இரண்டே சொல்: "ஆயில் குறைகிறது." எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டத்துக்கு, எத்தனை மணி நேரத்தில் என்று எதுவும் கிடையாது. ஆயில் குறையத்தான் செய்யும். குறையவே இல்லை என்று யாராவது சொன்னால், அளந்தவர் சரியாக அளக்கவில்லை என்றுதான் முதலில் நினைப்பேன்.

பழைய பதிவுகளைப் புரட்டினால் கதை கொஞ்சம் தெளிகிறது. போன வருஷம் பத்து மணி நேரப் பறப்புக்கு ஒரு குவார்ட் கேட்ட இன்ஜின், இப்போது மூன்று மணி நேரத்துக்கே ஒன்று கேட்கிறது. குவார்ட் என்றால் 946 மில்லி. அமெரிக்க இன்ஜினோடு அமெரிக்க அளவும் சேர்ந்தே வந்துவிட்டது. ஹேங்கரில் யாரும் லிட்டரில் பேசுவதில்லை.

*

லைகமிங் கொடுத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. 0.006-ஐக் குதிரைத்திறனால் பெருக்கு, பிறகு 4-ஆல் பெருக்கு, 7.4-ஆல் வகு. மணிக்கு எத்தனை குவார்ட் வரை செலவாகலாம் என்பது கிடைக்கும். 110 குதிரைத்திறனுக்கு 0.36 குவார்ட், ஏறக்குறைய 340 மில்லி. நம்முடையது 0.33. காகிதத்தில் பாஸ்.

இந்த இடத்தில்தான் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது உச்சவரம்பு. இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆரம்பத்திலிருந்தே நாலு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் குடித்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஓடிய இன்ஜின்கள் உண்டு. அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. பத்திலிருந்து மூன்றுக்கு வந்த இன்ஜினைப் பற்றித்தான் கவலை. அளவைவிட மாற்றம் முக்கியம், அதிலும் எவ்வளவு சீக்கிரம் மாறியது என்பது இன்னும் முக்கியம். ஒரே வாரத்தில் மாறியிருந்தால் ஏதோ உடைந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. மாதக் கணக்கில் மாறியிருந்தால் தேய்மானம், கரி, அல்லது கெட்டிப்பட்ட ரப்பர்.

*

முதல் வேலை ஸ்பேனரை எடுப்பது இல்லை. டிப்ஸ்டிக்கை யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள் என்று விசாரிப்பது.

விமானம் தரையிறங்கி இன்ஜின் நின்றவுடன் ஆயில் முழுவதும் சம்ப்பில் இருக்காது. கிராங்க்கேஸ் சுவரிலும், ராக்கர் பெட்டிகளிலும், கூலரிலும், ஃபில்டரிலும் தங்கியிருக்கும். வடிந்து இறங்க நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அளந்தால் அரை குவார்ட் போலக் குறைவாகக் காட்டும். அடுத்து ஏறப்போகும் மாணவர் பார்க்கிறார்: "சார், அஞ்சுக்குக் கீழே இருக்கு." உடனே ஒரு கேன் திறக்கப்படுகிறது. மறுநாள் காலையில் ஆயில் எல்லாம் இறங்கிவந்து ஆறுக்கு நெருக்கமாக நிற்கிறது. முதல் பறப்பிலேயே அந்த உபரியைப் பிரீதர் குழாய் வெளியே தள்ளிவிடுகிறது. மத்தியானம் மறுபடி "குறைவு", மறுபடி கேன். இன்ஜினில் ஒரு குறையும் இல்லாமலே மாதம் ஒரு பெட்டி ஆயில் காலியாகும்.

செஸ்னா 152 கையேடே இதைச் சொல்கிறது. சம்ப் கொள்ளளவு 6 குவார்ட். 4-க்குக் கீழே இயக்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்குக் குறைவான சாதாரணப் பறப்புக்கு 5 வரை ஊற்றினால் போதும். பிரீதர் வழியாகப் போவது குறையும். நீண்ட பறப்புக்கு மட்டும் 6. பயிற்சிப் பள்ளியில் ஒரு பறப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரம். ஆனாலும் எல்லோர் கையும் ஆறாம் கோட்டை நோக்கியே போகிறது. நிறைய இருந்தால் நல்லது என்ற நம்பிக்கை. ஆகவே ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்குவதை நான் செலவுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஐந்திலிருந்து கீழே எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதுதான் கணக்கு.

ஏற்பாடு இப்படி: காலையில் முதல் பறப்புக்கு முன், ஹேங்கர் வாசலில் சமதளமான ஒரே இடத்தில், ஒரே ஆள் அளப்பது. மூக்குச் சக்கரத்தின் ஸ்ட்ரட் காற்று இறங்கியிருந்தால் அதையும் சரிசெய்த பிறகே. வேறு யாரும் கேனைத் தொடக் கூடாது. ஸ்டோர்காரரிடமும் தனியாகக் கணக்குக் கேட்டேன். அவர் கொடுத்த கேன்களின் எண்ணிக்கைக்கும் லாக்கில் ஏறிய குவார்ட்டுகளுக்கும் பொருத்தமே இல்லை. பாதி ஊற்றிய கேன்கள் மூடி இல்லாமல் அலமாரியில் நின்றன. அவற்றில் தூசி விழுந்திருக்கும். அவற்றை யாரும் திரும்ப விமானத்துக்குள் ஊற்றாமல் இருக்க, தள்ளுவண்டிச் சக்கரத்துக்கும் கதவுக் கீலுக்கும் கொடுத்தாயிற்று.

*

சரியாக அளந்த பிறகும் நாலு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் போனது. அப்படியானால் நிஜமாகவே போகிறது. போவதற்கு வழி இரண்டுதான்: எரிய வேண்டும், அல்லது வெளியே ஒழுக வேண்டும். பிரீதர் மட்டும் இரண்டுக்கும் நடுவில். வெளியே போவதென்னவோ அந்த வழியாக. தள்ளிவிடுவது பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் எரிந்த வாயுவாக இருக்கலாம்.

*

முதல் உலகப்போர்க் கால ரோட்டரி இன்ஜின்களில் இந்தப் பிரச்சினையே கிடையாது. நோம், லெ ரோன் போன்றவற்றில் சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். ஊற்றிய எண்ணெய் ஒரு தடவை உள்ளே போய், அப்படியே வெளியே போய்விடும்; திரும்பி வராது. ஊற்றியது விளக்கெண்ணெய். பெட்ரோலில் எளிதில் கரையாது, சூட்டிலும் வழவழப்பை விடாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். விமானியின் முகத்திலும் கண்ணாடியிலும் அதுதான் படியும். விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. "எண்ணெய் எங்கே போகிறது" என்று அந்தக் கால மெக்கானிக் யாரும் கேட்டிருக்க மாட்டார்.

*

ஒழுகலைத் தேடுவதில் எனக்குத் தெரிந்து ஒரே ரகசியம், முதலில் கழுவுவது. அழுக்கான இன்ஜினில் ஒழுகல் தேடுவது நேர விரயம். பறக்கும்போது கவுலிங்குக்குள் மணிக்கு நூறு மைல் காற்று புகுந்து வெளியேறுகிறது; முன்னால் கசிந்த ஒரு சொட்டைப் பின்னால் ஃபயர்வால் வரை இழுத்துக்கொண்டு போய்ப் பூசிவிடும். ஆகவே ஈரம் அதிகமாக இருக்கும் இடத்தில் ஒழுகல் இருக்காது. எல்லாவற்றிலும் மேலே, எல்லாவற்றிலும் முன்னே இருக்கும் ஈரத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

மேக்னெட்டோ, ஆல்டர்னேட்டர், வேக்குவம் பம்ப், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டிவிட்டு, கரைப்பான் அடித்து, பிரஷ் போட்டு, காற்றால் உலர்த்தினோம். துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட். வெள்ளைத் துணியாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்; கறுப்புத் துணியில் ஆயில் தெரியாது. பிறகு சந்தேகப்படும் இடங்களில் எல்லாம் வெள்ளைப் பவுடர் தூவினோம். காலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே பவுடர் கிடைத்தால் இன்னும் நல்லது, மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆயிலில் கலக்கும் சாயமும் புற ஊதா டார்ச்சும் இருந்தால் இருட்டில் பச்சை மஞ்சளாக ஒளிரும். நம்மிடம் இருந்தது பவுடர்தான்.

ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டுக் கவுலிங்கைத் திறந்தோம். ராக்கர் மூடிகள் வெள்ளையாகவே இருந்தன. கிராங்க் ஷாஃப்ட் முன் சீல் காய்ந்திருந்தது. ஃபில்டர் அடி, வேக்குவம் பம்ப் பேட், மேக்னெட்டோ அடி எல்லாம் சுத்தம். கூட இருந்த தம்பி டார்ச்சைக் கீழே காட்டினான்: "அண்ணே, மூணாம் நம்பர் அடியில பாருங்க." லைகமிங்கில் மூன்றாம் சிலிண்டர் விமானி பக்கத்திலிருந்து பார்த்தால் வலது பின்புறம். அதன் ராக்கர் பெட்டியிலிருந்து சம்ப்புக்கு ஆயில் திரும்பி வடியும் குழாயில் ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் இணைப்பு. அதற்கு நேர் கீழே பவுடர் ஒரு ரூபாய் அளவுக்குப் பழுப்பாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளாம்ப்பின் திருகு முனையில் ஒரு சொட்டு திரண்டது, நீண்டது, விழவில்லை. குழாயின் வளைவைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்தது. ஹோஸை விரலால் அழுத்தினால் அமுங்கவே இல்லை. சூட்டில் வெந்து வெந்து பிளாஸ்டிக் போல ஆகியிருந்தது. கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் கெட்டிப்பட்ட ரப்பர் பிடிக்காது. அதை முறுக்கி முறுக்கி யாரோ கிளாம்ப்பையும் நெளித்து வைத்திருந்தார்கள்.

நாலு சிலிண்டருக்கும் நாலு ஹோஸ். ஒன்று போயிருந்தால் மற்ற மூன்றுக்கும் அதே வயசுதான். நாலையும் மாற்றச் சொன்னேன்.

பக்கத்தில்தான் எக்ஸாஸ்ட் குழாய் போகிறது. சொட்டு அதில் விழுந்தால் விமானிக்கு மூக்கில் தெரியும். "எரிஞ்ச வாடை வருது" என்று மாணவர் யாராவது சொன்னால் அதை எழுதச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் சொல்லிவிட்டு எழுதாமலே போய்விடுகிறார்கள்.

*

எண்ணெய் முன் கண்ணாடிக்கு வந்துவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை, இறங்க வேண்டும். முன் சீல், அல்லது பிளேடு கோணம் மாற்றும் புரொப்பெல்லராக இருந்தால் ஹப். சில மெக்காலி ஹப்களுக்குள் சிவப்புச் சாயம் கலந்த எண்ணெய் அடைத்தே அனுப்புகிறார்கள். ஹப்பில் வெடிப்பு விழுந்தால் சிவப்பாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். சிவப்பைப் பார்த்தால் அது இன்ஜின் ஆயில் இல்லை. விமானம் நகரக் கூடாது.

*

பிரீதர் பற்றித் தனியாக.

கிராங்க்கேஸுக்குள் சேரும் காற்றும் ஆவியும் வெளியேற ஒரு குழாய், ஃபயர்வால் ஓரமாகக் கீழே இறங்கி வயிற்றுப்பக்கம் திறக்கிறது. வயிற்றில் நீளமாகக் கறுப்புக் கோடு தெரிந்தால் அதன் வேலை. கொஞ்சம் எல்லா விமானத்திலும் இருக்கும். அதிகமானால் இரண்டு காரணம்: ஆயிலை அதிகம் ஊற்றியிருக்கிறார்கள், அல்லது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கிராங்க்கேஸுக்குள் இறங்கி, ஆயில் ஆவியை முன்னால் தள்ளுகிறது. குழாய் முனையில் ஒரு பாட்டிலைக் கட்டித் தரையில் ஓட்டிப் பார்த்தால் வருவது ஆயிலா, தண்ணீர் கலந்த காபி நிறத் திரவமா என்று தெரிந்துவிடும். பாட்டிலுக்குக் காற்றோட்டத் துளை வேண்டும். அடைத்துக் கட்டினால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும்.

இந்தக் குழாயின் நடுவில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது பழுது இல்லை. குளிர் தேசங்களில் குழாய் முனையில் உறைபனி அடைத்துக்கொண்டால் மாற்றுவழியாக அது இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி, முன் சீல் பிய்ந்து, இருக்கும் ஆயில் முழுவதும் போய்விடும். நம் வெயிலில் பனி கிடையாது, குளவி உண்டு. மழைக்காலத்தில் நிறுத்திவைத்த விமானத்தின் குழாய்க்குள் மண்கூடு பார்த்திருக்கிறேன்.

கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளக்கக் கழற்றிய பழைய வேகமானியே போதும். வேகமானியும் அழுத்தமானிதானே. மணிக்கு 90 மைல் காட்டினால் சுமார் 4 அங்குல நீர்மட்ட அழுத்தம். ஆயில் ஊற்றும் வாயில் பொருத்தி ஓட்டினால் ரிங்குகளின் நிலை ஓரளவு புரியும்.

*

1935 மே 15. சிட்னியிலிருந்து நியூசிலாந்துக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாத் தபால்களோடு கிளம்பிய சதர்ன் கிராஸ், மூன்று இன்ஜின் ஃபாக்கர். நடுக்கடலில், மைய இன்ஜினின் எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு துண்டு உடைந்து வலது புரொப்பெல்லரில் அடித்தது. வலது இன்ஜினை நிறுத்தியாயிற்று. திரும்பி வரும் வழியில், முழு விசையில் ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜின் ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தது. துணை விமானி பி.ஜி. டெய்லர் வெளியே ஏறி, ஸ்ட்ரட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுபோன இன்ஜினுக்குப் போய், அதன் ஆயிலை ஃபிளாஸ்க் உறையில் வடித்து, ஒரு தோல் பெட்டியில் ஊற்றிச் சேர்த்து, மறுபக்கம் ஏறி இடது இன்ஜினுக்கு ஊற்றினார். ஆறு தடவை. கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் ஓட்டிக்கொண்டிருந்தார், ஸ்டானேஜ் ரேடியோவில். சிட்னிக்கே திரும்பி இறங்கினார்கள். டெய்லருக்கு வீரப்பதக்கம் கிடைத்தது. பின்னாளில் அது ஜார்ஜ் கிராஸாக மாறியது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் அந்தச் சாகசம்கூட இல்லை. தேய்ந்த இன்ஜினை முழு விசையில் நீண்ட நேரம் ஓட்டினால் ஆயில் செலவு எப்படி எகிறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மணிக்கு இத்தனை குவார்ட் என்ற எண்ணைச் சொல்லும்போது, எந்த விசையில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

அழுத்தமானி முள் பச்சையில் இருக்கிறது, ஆகவே ஆயில் இருக்கிறது என்று மாணவர்கள் நம்புகிறார்கள். 152-இல் சாதாரண அழுத்தம் 60 முதல் 90 பி.எஸ்.ஐ., மந்த ஓட்டத்தில் குறைந்தது 25. பம்ப்பின் உறிஞ்சுகுழாய் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும் வரை முள் நகரவே நகராது. ஐந்து குவார்ட் இருந்தாலும் மூன்று இருந்தாலும் ஒரே காட்சி. காற்றை உறிஞ்ச ஆரம்பித்த பிறகுதான் முள் துடிக்கும். அதற்கப்புறம் இருப்பது நிமிடங்கள். முன்னெச்சரிக்கையாக ஏதாவது கிடைக்குமென்றால் அது வெப்பமானியிடம்: குறைந்த ஆயில் அதே சூட்டைச் சுமப்பதால் வெப்பம் மெல்ல ஏறும்.

அழுத்தம் விழுந்து வெப்பம் மாறாமல் இருந்தால், மானி அல்லது ரிலீஃப் வால்வு கெட்டிருக்கலாம். இந்த மாடலில் மானிக்கு ஆயிலே நேராக ஒரு மெல்லிய குழாயில் வருகிறது. அந்தக் குழாய் அறுந்தாலும் இன்ஜின் பக்கத்து இணைப்பில் ஊசித்துளை அளவுக்குத்தான் வழி வைத்திருக்கிறார்கள், சம்ப் ஒரேயடியாகக் காலியாகாது. இருந்தாலும் பக்கத்து நிலையத்தில் இறங்கிவிட வேண்டும். அழுத்தம் விழுந்து வெப்பமும் ஏறினால் வயலைத் தேட வேண்டியதுதான்.

*

ஃபில்டர் மாற்றிய பிறகு வரும் ஆயில் இழப்பு தனி ஜாதி. பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டு நின்று, அதன்மேல் புதியது உட்காருவது, முறுக்கு போதாதது, சேஃப்டி ஒயர் விட்டுப்போனது. ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள தட்டின் கேஸ்கெட் பிதுங்கி ஆயில் முழுக்கப் போகக்கூடும் என்று 2002-இல் அமெரிக்க எஃப்.ஏ.ஏ. பல லைகமிங் இன்ஜின்களுக்குக் கட்டாய உத்தரவே போட்டது. மாற்றி முடித்ததும் ஓட்டி, நிறுத்தி, கையால் தடவிப் பார்க்காமல் கவுலிங்கை மூடக் கூடாது. இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

*

ஹோஸ்களை மாற்றியாயிற்று. இனி எரிகிற பக்கம்.

எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் தட்டில் வரிசையாக வைத்தோம். சிலிண்டர் படுத்திருப்பதால் கீழ் பிளக்கில்தான் ஆயில் தேங்கும். மேல் பிளக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒன்று, மூன்று, நாலு மூன்றிலும் கீழ் பிளக் காய்ந்த சாம்பல் நிறம். இரண்டாம் நம்பர் கீழ் பிளக் கறுத்து, பளபளத்து, துணியில் வைத்தால் வட்டம் போட்டது.

அடுத்தது கம்ப்ரஷன். சூடான இன்ஜினில் 80 பி.எஸ்.ஐ. காற்றைச் சிலிண்டருக்குள் விட்டு, எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது. ஓ-235 சிலிண்டரின் விட்டம் 4.375 அங்குலம். கணக்குப் போட்டால் பிஸ்டன் தலையில் சுமார் 545 கிலோ விசை. மேல் உச்சப் புள்ளியிலிருந்து கொஞ்சம் விலகினால் புரொப்பெல்லர் சுழன்று அடிக்கும். பிளேடைப் பிடிப்பவர் வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். பேசிக்கொண்டே இருக்கும் ஆளை நான் அங்கே நிறுத்துவதில்லை. வந்தது 76, 75, 77, 74. நாலும் நல்ல எண்கள். ஆயில் குடிக்கும் இரண்டாம் நம்பருக்கும் 75.

"அப்போ ரெண்டாம் நம்பர் நல்லாத்தானே இருக்கு?" என்றான் தம்பி. கம்ப்ரஷன் சோதனை மேலே உள்ள இரண்டு ரிங்கையும் வால்வுகளையும்தான் சோதிக்கிறது. மூன்றாவதான ஆயில் ரிங்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆயில் ரிங் சிலிண்டர் சுவரிலிருந்து வழித்தெடுக்கும் எண்ணெய், ரிங்கின் பின்னால் உள்ள சின்னத் துளைகள் வழியாகப் பிஸ்டனுக்குள் இறங்கிச் சம்ப்புக்குப் போக வேண்டும். அந்தத் துளைகளில் கரி அடைத்தால், மொட்டைமாடி மழைநீர்க் குழாயில் சருகு அடைத்த கதைதான். வழித்ததற்குப் போக இடமில்லாமல் மேலே ஏறி எரியும். 78 காட்டும் சிலிண்டரும் இப்படி ஆயில் குடிக்கும். 65 காட்டும் சிலிண்டர் ஒரு சொட்டும் குடிக்காமல் ஓடும்.

போரோஸ்கோப்பில் இரண்டாம் நம்பரைப் பார்த்தோம். பிஸ்டன் தலையின் ஓரத்தில் ஒரு பிறைவடிவத்தில் மட்டும் கரி இல்லாமல் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. ரிங் பக்கமாக ஆயில் ஏறுவதன் அடையாளம். சுவரில் நீளக் கீறல் இல்லை. கீழ்ப்பக்கம் துருப்புள்ளிகள் கொஞ்சம். போன மழைக்காலத்தில் இந்த விமானம் வாரக்கணக்கில் பறக்காமல் கடல்காற்றில் நின்றிருக்கிறது. "வாரம் ஒருமுறை ஓட்டி வைத்தோமே" என்பார்கள். தரையில் பத்து நிமிடம் ஓட்டினால் ஆயில் 80 டிகிரி செல்சியஸைத் தொடாது. உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகாது. எரிந்த வாயுவின் நீராவியும் சேர்ந்துகொள்ளும். ஓட்டாமலே விட்டிருக்கலாம்.

*

புது சிலிண்டர் போட்ட விமானத்தை உடனே சர்க்யூட் பயிற்சிக்கு அனுப்புவது பள்ளிகளில் வழக்கம். ஏறு, சுற்று, இறங்கு, டாக்ஸி, மறுபடி ஏறு. ரிங் சுவரோடு பழக வேண்டுமானால் அதிக விசையில், 75 சதவீதம் போல, தொடர்ச்சியாக ஓட வேண்டும். விசை இல்லாமல் சூடு மட்டும் இருந்தால் சுவரின் குறுக்குக்கோடுகளில் எண்ணெய் வெந்து கண்ணாடிபோலப் படிந்துவிடும். பிறகு அந்த ரிங் எந்தக் காலத்திலும் உட்காராது. பழகும்வரை சேர்மானம் இல்லாத மினரல் ஆயில், முதல் 50 மணி நேரம் அல்லது செலவு ஒரு நிலைக்கு வரும்வரை. அந்தக் காலத்தில் ஆயில் அதிகம் போனால் பதறத் தேவையில்லை. அதற்கப்புறமும் போனால் பதற வேண்டும்.

*

ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, வெயிலில் பார்த்தோம். காந்தத்தில் ஒட்டும் துகள் இல்லை. வெள்ளி மினுக்கமாக அலுமினியம் தெரிந்தால் பிஸ்டன் பின் பிளக் தேய்கிறது என்று அர்த்தம். அதுவும் இல்லை. கரித்துகள் மட்டும்.

ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரும்பு இத்தனை பி.பி.எம்., குரோமியம் இத்தனை என்று வரும். ஒன்றை யாரும் கவனிப்பதில்லை: ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு அடிக்கடி புது ஆயில் ஊற்றுகிறோம். அந்தப் புது ஆயில் பழைய உலோகத்தை நீர்த்துப்போக வைக்கும். அறிக்கை அழகாக வரும், உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். எத்தனை குவார்ட் சேர்த்தோம் என்பதை மாதிரி பாட்டிலோடு எழுதி அனுப்பாவிட்டால் அந்த அறிக்கைக்குப் பாதி மதிப்புதான்.

*

"ரெண்டாம் நம்பரைக் கழற்றிடலாமா?" நிர்வாகத்தின் கேள்வி. விமானம் நின்றால் அவர்களுக்கு நஷ்டம், ஆயிலும் நஷ்டம். சிலிண்டரை மாற்றினால் ஒரே அடியாக முடியும் என்ற கணக்கு.

எனக்கு மனசில்லை. சிலிண்டரைப் பிடிக்கும் போல்ட்டுகளில் சில கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றைத் தளர்த்தியபின் யாராவது தெரியாமல் புரொப்பெல்லரைத் திருப்பினால் மெயின் பேரிங் நகர்ந்துவிடும். திரும்ப மாட்டும்போது முறுக்கு சரியாக விழாவிட்டால் பிரச்சினை ஆயிலோடு நிற்காது. ஓட்டத்தில் குறையில்லாத, ஃபில்டர் சுத்தமான, கம்ப்ரஷன் நல்ல சிலிண்டரை, ஒரு நாளைக்கு அரை குவார்ட் ஆயிலுக்காகக் கழற்றுவது நோயைவிட வைத்தியம் ஆபத்தான வழி. பிளக் அடிக்கடி அழுக்காகி மேக்னெட்டோ சோதனையில் விசை குறைந்தால், அல்லது ஃபில்டரில் உலோகம் வந்தால், அன்றைக்குக் கழற்றலாம்.

ஆயிலில் கலக்கும் "மருந்து" விற்க வருபவர்களும் உண்டு. ஒட்டியிருக்கும் ரிங்கை விடுவிக்கும் என்கிறார்கள். உற்பத்தியாளர் அனுமதித்த பட்டியலில் இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

*

புதிய ஹோஸ், மட்டம் 5-க்கு மேல் போகக் கூடாது என்று டிப்ஸ்டிக் மூடி பக்கத்தில் ஒரு லேபிள், இரண்டாம் நம்பரின் கீழ் பிளக் மட்டும் புதியது. இப்போது ஏழு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட். பழைய பத்துக்கு வரவில்லை; வித்தியாசம் இரண்டாம் நம்பர் ஆயில் ரிங்கின் கணக்கு. அடுத்த ஆயில் மாற்றம் 50 மணி நேரத்தில். நடுவில் 25-இல் அந்தக் கீழ் பிளக்கை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும், போரோஸ்கோப்பும்.

தலைமைப் பயிற்சியாளர் கேட்கிறார்: அடுத்த வாரம் நீண்ட கிராஸ்-கன்ட்ரி, மூன்று மணி நேரத்துக்கு மேல், எவ்வளவு ஊற்றுவது? கையேடு சொல்வதுபோல அன்றைக்கு மட்டும் 6. லேபிளைப் பார்த்து மாணவர் குழம்பாமல் இருக்க அவரே நின்று ஊற்றட்டும். திரும்பும் வழிக்கு அதே பிராண்ட், அதே கிரேடில் ஒரு கேன், ஒரு புனல், கொஞ்சம் பனியன் துணி. பின்னால் சாமான் வலைக்குள் கட்டிவைக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் உருளவிடக் கூடாது. இறங்கிய இடத்தில் டீ குடித்துவிட்டு வந்து அளக்கட்டும்.